டாஸ்மேனியப் புலியின் மரங்கள், அருவங்காட்டில்

சனிக்கிழமை, காலை ஏழேகால். கோவை மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் ஊட்டி பஸ் ஏறினோம், நானும் எட்டு வயது மகள் இனியாவும். அரையாண்டு விடுமுறைக் கூட்டம். ஓடிப்போய்த்தான் இடம் பிடிக்க முடிந்தது. எங்கள் பையில் இரண்டு ஸ்வெட்டர், ஒரு குல்லா, வாந்திக்கு எலுமிச்சம்பழம், சளி மருந்து, காய்ச்சல் மருந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு காய்ச்சல் மருந்து. இவை நான் எடுத்து வைத்தவை. இனியா எடுத்து வைத்தவை இரண்டே: ஓர் அடி ஸ்கேல், ஒரு பாக்கெட் கோலப்பொடி.

ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள், ரோஜாத் தோட்டத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் ஒரு விலங்கின் காட்டைப் பார்க்கப் போனோம். அந்த விலங்கு நீலகிரியில் ஒருநாளும் இருந்ததில்லை. இப்போது உலகத்தில் எங்கேயுமே இல்லை.

டாஸ்மேனியப் புலி என்று பெயர். புலி இல்லை, நாயும் இல்லை. கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. நம் தெருநாயைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, தோளுக்குப் பின்னாலிருந்து வால் தொடங்கும் இடம்வரை கறுப்புப் பட்டைகள், நாய்போல ஆட்ட முடியாத விறைத்த வால். வாயைத் திறந்தால் நம்ப முடியாத அளவுக்குத் திறக்கும். ஒருகாலத்தில் ஆஸ்திரேலியாப் பெருநிலத்திலும் இருந்தது. அங்கே பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போய், தெற்கே டாஸ்மேனியாத் தீவில் மட்டும் மிஞ்சியது. ஆடு வளர்க்க வந்தவர்கள், ஆட்டைத் தின்கிறது என்று சொல்லிச் சுட்டார்கள். கொன்று வந்தால் அரசாங்கமே பணம் கொடுத்தது. பிற்பாடு அதன் தாடையை ஆராய்ந்தவர்களில் சிலர், வளர்ந்த ஆட்டைக் கொல்லும் பலம் அதற்கு இருந்திருக்குமா என்றே சந்தேகப்படுகிறார்கள். அதைக் காப்பாற்றச் சட்டம் வந்த அதே 1936ஆம் ஆண்டில், கடைசி ஒன்று ஹோபார்ட் ஊர் மிருகக்காட்சிச் சாலையில் செத்துப்போனது. கூண்டுக்குள் அது நடப்பதும் கொட்டாவி விடுவதும் கறுப்பு வெள்ளைப் படமாக இருக்கிறது. அதை என் கைப்பேசியில் இனியா எத்தனை முறை பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை.

இரண்டு வருடமாக வீட்டில் இந்தப் பேச்சுதான். சாப்பிடும்போது, தலை பின்னும்போது, ஆட்டோவில். முதலில் எனக்கும் பிடித்திருந்தது. அவள் தூங்கிய பிறகு நானே தேடிப் படித்து மறுநாள் சொல்வேன். ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் வகுப்பாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். வர்ஷா என்கிற பிள்ளை, படத்தைப் பார்த்து "இது நாய்தானே" என்று சொல்லியிருக்கிறாள். இனியா எல்லார் முன்னாலும் "தப்பு, தப்பு" என்று கத்தி, அதன் வயிற்றுப் பையிலிருந்து வால்வரை விளக்கியிருக்கிறாள். வர்ஷா அழ ஆரம்பித்த பிறகும் நிறுத்தவில்லையாம்.

"எதிர்ல நிக்கறவங்க முகத்தைப் பாக்கத் தெரியலைங்க உங்க பொண்ணுக்கு" என்றார் ஆசிரியை. "லீவுல அந்தப் புலியைக் கொஞ்சம் மறக்கடிங்க. இல்லாட்டி ஜனவரில டாக்டர் யார்கிட்டயாவது காட்டலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பரணில் ஒரு மூலையை ஒழித்து வைத்தேன். விடுமுறை முடிவதற்குள் அந்தப் படங்கள், புத்தகங்கள், அட்டையில் வெட்டிய பொம்மைகள் எல்லாவற்றையும் அங்கே ஏற்றிவிடுவதாக முடிவு. அதற்கு முன் ஒரே ஒரு தடவை அவள் ஆசையை நிறைவேற்றிவிடலாம் என்று என் கணவர் சொன்னார். நீலகிரியில் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் டாஸ்மேனியாவிலிருந்து வந்தது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். டாஸ்மேனியாவுக்குப் போக நமக்கு வழியில்லை, அருவங்காட்டில் அவருடைய அக்கா வீட்டுக்குப் பின்னாலேயே அந்த மரங்கள் நிற்கின்றன. அவருக்கு சனிக்கிழமையும் ஷிப்டு. நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். இது கடைசி என்று இனியாவுக்குத் தெரியாது. சொல்லாமல் கூட்டிப்போவது சரியா என்று மேட்டுப்பாளையம்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

காலை ஒன்பது மணி போல், கல்லாறு தாண்டியதும் சோதனைச் சாவடி. பிளாஸ்டிக் பாட்டிலும் கவரும் மலைக்கு மேலே போகக் கூடாது என்பதற்காகப் பையைப் பார்க்கிறார்கள். ஏறி வந்த பெண் ஊழியர் எங்கள் பையிலிருந்து கோலப்பொடிப் பாக்கெட்டை வெளியே எடுத்தார்.

"என்னங்க இது? ஊட்டில போய்க் கோலம் போடப் போறீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் இனியா சொன்னாள். "கோலத்துக்கில்லைங்க. கால் தடம் எடுக்க."

"யாரு கால் தடம்?"

"யாரு வர்றாங்களோ அவங்களோடது."

ஊழியர் என்னைப் பார்த்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. "பொடி வரலாமுங்க, கவரு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்த ஒரே பாத்திரம் எலுமிச்சைச் சாதம் கட்டிய தூக்கு. சாதத்தை வாழையிலையோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தூக்கைத் துடைத்துக் கோலப்பொடியைக் கொட்டினேன். குன்னூர்வரை மடியில் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் எங்களுக்கு வாந்தி வரவில்லை. எலுமிச்சை வாசம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

கீழே பாக்குத் தோப்பு, பிறகு பலா, பிறகு மூங்கில் புதர், ஒரு பக்கம் பள்ளம். பாதி மலைக்கு மேல் தேயிலை தொடங்குகிறது. குன்னூர் வருவதற்கு முன்னாலேயே உயரமாக, வெளிறிய அடிமரத்தோடு, பட்டை நாடா நாடாக உரிந்து தொங்கும் மரங்கள் வரிசையாகத் தெரிந்தன. இனியா என் கையைப் பிடித்தாள். இரண்டு வருடத்தில் அந்த விலங்கைப் பற்றி அவள் பேசாமல் பார்த்தது அப்போதுதான்.

பக்கத்து இருக்கையில் வெலிங்டனில் இறங்க வேண்டிய ஓர் அம்மாள் இருந்தார். "என்ன கண்ணு அப்படிப் பாக்கற?" என்று கேட்டார்.

"அந்த மரம் டாஸ்மேனியாவுல இருந்து வந்துச்சுங்க."

"எங்கிருந்தோ வந்து எங்க தண்ணியையெல்லாம் குடிச்சிருச்சு போ. எங்க ஊட்டுக்கு மேல ஊத்து ஒண்ணு இருந்துச்சு. இந்த மரம் வளர வளர அது வத்திப்போச்சு. எப்ப வெட்டுவாங்கன்னு நாங்க பாத்துட்டிருக்கறோம், நீ டிக்கெட் எடுத்து அதைப் பாக்க வர்ற."

வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்து நட்டவை இவை. சோலைக் காட்டையும் புல்வெளியையும் அழித்துப் பரவிவிட்டன, அந்நிய மரங்களை எடுத்துவிட்டுப் பழைய காட்டை மீட்க வேண்டும் என்ற பேச்சு இப்போது இருக்கிறது. அந்த அம்மாள் சொன்னதில் தவறில்லை. இனியா மறுத்துக் கத்திவிடுவாளோ என்று அவள் தொடையில் கை வைத்தேன். அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"டாஸ்மேனியால புலிய வேண்டாம்னாங்க. இங்க மரத்த வேண்டாங்கறாங்க" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

பகல் பதினொன்றரை. அருவங்காடு, குன்னூரிலிருந்து ஊட்டி வழியில் ஐந்து கிலோமீட்டர் சுமார். நிறுத்தத்தில் என் நாத்தனாரின் கணவர், நான் அண்ணா என்று அழைப்பவர், காத்திருந்தார். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேட்டு வீட்டுக்கு ஆட்டோ நூறு ரூபாய். "நடந்தே போயிரலாமுங்க, கொஞ்ச தூரந்தான்" என்றேன். "உனக்குக் கொஞ்ச தூரம் அம்மிணி. என்ற மூட்டுக்கு அது ஊட்டி மலை ரயிலு, பல்லுச் சக்கரம் இல்லாம ஏறாது" என்றார்.

வீட்டு வாசலில் நாத்தனார் நின்றிருந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். தூக்கைத் திறந்து பார்த்து, "ஏன் அம்மிணி, மலைல கோலப்பொடி கிடைக்காதுன்னு எடுத்துட்டு வந்தியா?" என்று சிரித்தார். இனியா பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு உள்ளே ஓடியது. ஆசிரியை சொன்ன பிறகு இதையெல்லாம் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மூன்று மணிக்கு வீட்டுக்குப் பின்புறம் போனோம். ஒரு சிறு உருளைக்கிழங்குப் பாத்தி, காரட்டுப் பாத்தி, முள்வேலி, அதற்கப்பால் கற்பூரக் காடு. உள்ளே போனதும் சத்தம் மாறிவிடுகிறது. கீழே புல் அதிகமில்லை. காய்ந்த பட்டையும் இலையும் காலடியில் நொறுங்குகின்றன. இளங்கன்றின் இலை வட்டமாக, சாம்பல் பூத்து, தண்டோடு ஒட்டியிருக்கிறது. அதே மரம் வளர்ந்ததும் இலை அரிவாள்போல நீண்டு தொங்குகிறது. இரண்டும் ஒரே மரம் என்பதை அண்ணா கிள்ளிக் காட்டும்வரை நான் நம்பவில்லை. கையில் தைல வாசனை மறுநாள்வரை போகவில்லை. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய, மேலே மூடி வைத்ததுபோன்ற காய்கள் எங்கும் விழுந்து கிடந்தன. இந்தக் காயை மிதித்துக்கொண்டு, இந்த வாசனையில்தான் அந்த விலங்கு நடந்திருக்கும். அதை நினைத்ததும் எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது.

அண்ணா ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "ஏங்கண்ணு, உன்ற புலிக்கு வயித்துல பை இருக்குங்கற. காட்டுல ஓடும்போது குச்சியும் மண்ணும் உள்ள போகாதா?"

"போகாதுங்க மாமா. பையோட வாய் பின்னால இருக்கும்."

"அட! அப்ப குட்டி பின்னால எட்டிப் பாத்துட்டே வருமா? பஸ்ஸுல கடைசி சீட்டு மாதிரி?"

இனியா சிரித்தாள். "ஆண் புலிக்குங்கூட பை உண்டுங்க."

"உன்ற அத்தை கேக்காம இருக்கோணும். மார்க்கெட்டுக்கு நான் ஒரு பை கூடுதலாத் தூக்கோணும்."

பிறகு கால் தடத்தை வரைந்து காட்டச் சொன்னார். அவள் குச்சியால் மண்ணில் வரைந்தாள். முன்னங்காலில் ஐந்து விரல், பின்னங்காலில் நான்கு. அவர் கவனமாகப் பார்த்தார். அவ்வளவு கவனம் எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாலை ஐந்தே முக்கால். வேலிக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் சருகை ஒதுக்கிவிட்டு, அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கோலப்பொடியோடு கலந்து, ஒரு பாய் அளவுக்கு இனியா தூவினாள். ஸ்கேலின் ஓரத்தால் சமப்படுத்தினாள். காட்டெருமை வந்தால் என்ன செய்வது, கரடி வந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "வந்தா அதுவும் மாவுல கால வெச்சுட்டுப் போகும், நாம உள்ளதான இருப்போம்" என்றார் நங்கையா. இருட்டுவதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டோம். சாப்பாடு ஆனதும் அண்ணா, கேட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று டார்ச் எடுத்துப் போனார். திரும்பி வந்தவர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு, "குளுருக்கு ரெண்டு காலும் குத்துதுடா சாமி" என்று முனகினார்.

ஞாயிறு, காலை ஆறரை. அண்ணாவின் குரல்தான் எழுப்பியது. "கண்ணு! எந்திரி, எந்திரி! என்னமோ வந்திருக்குது!"

பனி விலகவில்லை. ஸ்வெட்டரை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஓடினேன். வெள்ளைப் பரப்பின் குறுக்கே தடங்கள். அகலமான உள்ளங்கால், ஐந்து விரல்கள், அப்படியே அவள் வரைந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நம்பிவிட்டேன். மரம் வந்ததே, விலங்கும் வந்திருக்காதா? படித்தவள்தான் நான். பள்ளியில் உயிரியல் எடுத்துப் படித்தவள். அப்படியும் அந்த நொடி வந்தது. பிறகு அண்ணாவைப் பார்த்தேன். அவர் தடத்தைப் பார்க்கவில்லை. இனியாவின் முகத்தை, தீபாவளிக்கு வாங்கி வந்த உடுப்பைப் பிரிக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல, பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

இனி என்ன நடக்கும் என்பதுதான் பயம். நம்பிவிட்டால், ஊருக்குப் போய் வகுப்பில் சொல்வாள், எல்லாரும் சிரிப்பார்கள். கண்டுபிடித்துவிட்டால், "தப்பு, தப்பு" என்று கத்துவாள். மூட்டு வலியோடு குனிந்து இதைச் செய்த மனிதர் எதிரில் நிற்கிறார். நான்தான் முதலில் ஏதாவது சொல்ல வேண்டும்.

அதற்குள் இனியா குந்தி உட்கார்ந்தாள். ஸ்கேலை ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, மாமாவின் முகத்தைப் பார்த்தாள். நன்றாக, நேரம் எடுத்துப் பார்த்தாள்.

"மாமா, குளுருதுங்க. எனக்கு டீ போட்டுத் தர்றீங்களா?"

"இதோ சாமி, இதோ" என்று அவர் நொண்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

அவர் வேலியைத் தாண்டியதும் அவள் என் கையை இழுத்தாள். "அம்மா, எல்லாமே இடது முன்னங்கால்."

பார்த்தேன். ஆமாம். எல்லாத் தடங்களும் ஒரே அச்சு. பின்னங்காலே இல்லை. அவள் பக்கத்துப் புதரடியைக் காட்டினாள். அங்கே பாதி தின்ற ஓர் உருளைக்கிழங்கு கிடந்தது. மிச்சப் பாதியில் கத்தியால் செதுக்கிய இரண்டு விரல்கள் இருந்தன. மற்ற விரல்கள் இருந்த இடத்தில் ஆழமாக, ஜோடி ஜோடியாகப் பல் தடம். மாவில், மாமாவின் புலித் தடங்களுக்கு மேலேயே, வேறொரு வரிசை ஓடியது. சின்னக் குழந்தையின் பாதம்போல நீளமான அடிகள், இரண்டு பக்கமும் துடைப்பத்தால் இழுத்ததுபோலக் கீற்றுகள். அந்த வரிசையின் முடிவில் கறுப்பு வெள்ளை முள் ஒன்று.

"முள்ளம்பன்றி!" என்றாள் இனியா. குரல் அடங்கியிருந்தது, கண் மட்டும் பெரிதாகியிருந்தது. "மாமா போட்ட கிழங்கைத் தின்னுட்டுப் போயிருக்கு. அவருக்கு அப்புறமா வந்திருக்கு பாரு, அவரு தடத்து மேல மிதிச்சிருக்கு."

"உனக்கு வருத்தமா இல்லியா பாப்பா? புலி வரலைன்னு?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "அது 1936லயே செத்துப்போச்சேம்மா. நீதான சொன்ன."

"அப்புறம் எதுக்கு மாவு போட்ட?"

"அதோட காட்டுல இப்ப யாரு இருக்காங்கன்னு பாக்கத்தான்."

அவள் புலியைத் தேடுகிறாள் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மாமாகிட்ட சொல்லிராத" என்றாள். "காலு குத்துதுன்னு சொன்னாரில்ல. அதோட வந்து குனிஞ்சு குனிஞ்சு அச்சு வெச்சிருக்காரு."

முள்ளை எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். காட்டு விலங்கின் எதையும் எடுத்துப் போவது சட்டப்படி சரியில்லை என்று படித்த ஞாபகம். அங்கேயே விட்டுவிட்டோம். கற்பூரக் காய்கள் இரண்டு மட்டும் பையில் போட்டுக்கொண்டாள். கிழங்கைக் காலால் சருகுக்குள் தள்ளி மூடினாள். டீ குடிக்கும்போது மாமாவிடம் முள்ளம்பன்றியைப் பற்றி மட்டும் விடாமல் பேசினாள். அவர் மறுபடியும் மறுபடியும் புலிப் பக்கம் இழுத்துப் பார்த்தார். அவள் பிடிகொடுக்கவில்லை.

பகல் இரண்டு மணி. நிறுத்தத்தில் மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்காக நின்றோம். நங்கையா இரண்டு கட்டுக் காரட்டைக் கையில் திணித்தார். அண்ணாவுக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை.

"ஏங்கண்ணு, அடுத்த தடவை நீ வரும்போது அது மறுபடி வருமா?"

பஸ் வந்துவிட்டது. இனியா படியில் ஏறி நின்று திரும்பினாள்.

"வருமுங்க மாமா. ஆனா அடுத்த தடவை பின்னங்காலையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. பாவம், ஒரே கால்ல குதிச்சுக் குதிச்சு வந்திருக்குது. மூட்டு வலிக்கும்."

அண்ணா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். நங்கையா அவர் முதுகில் ஓர் அடி போட்டு, "உருளைக்கிழங்கு காணோமேன்னு அப்பவே பாத்தேன்" என்றது நகரும் பஸ்ஸிலும் கேட்டது. இனியா ஜன்னலில் தலையை நீட்டி அவர் சிரிப்பதையே பார்த்துக்கொண்டு வந்தாள், வளைவு வந்து மறைக்கும்வரை.

இறங்கும்போது மலை வேறாகத் தெரிந்தது. கற்பூர மரம், தேயிலை, மூங்கில், பாக்கு என்று எல்லாம் தலைகீழ் வரிசையில் வந்தன. பர்லியாரில் பஸ் நின்றபோது பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். இனியா கையில் இருந்த இரண்டு காய்களையும் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு வர்ஷாவுக்கு" என்றாள்.

"குடுத்தா வாங்கிக்குவாளா?"

"தெரியல. மோந்து பாக்கச் சொல்லிட்டு, அப்புறம் அவ மூஞ்சியைப் பாக்கறேன்."

கோவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு இல்லை. கார் நிறுத்தும் இடமும் ஒரு சாக்கடையும்தான். திங்கட்கிழமை மாலை அந்த மூலையில் மிச்சப் பொடியைத் தூவிவிட்டு வந்தாள். காலையில் பூனை, காகம், பெருச்சாளி, காவலாளியின் செருப்பு. இத்தனை வருடம் அந்த வீட்டில் இருக்கிறேன், அந்த மூலைக்குப் பெருச்சாளி வருவது மட்டும்தான் எனக்கு ஏற்கனவே தெரியும். ஜனவரியில் ஆசிரியையிடம் என்ன சொல்வது என்று இன்னமும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு காலையை வைத்து நானாகவே முடிவுகட்டிவிடக் கூடாது, அவர் காட்டச் சொன்னால் காட்டத்தான் வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் பரணில் ஒழித்து வைத்த மூலைக்கு அந்தப் புத்தகங்கள் போகவில்லை. துவைத்துக் காய்ந்தும் கற்பூர வாசனை போகாத இரண்டு ஸ்வெட்டர்களையும் குல்லாவையும் அதில் ஏற்றி வைத்தேன். இடம் நிரம்பிவிட்டது.